அவுக பேரையும் எழுதுங்க, பிரதர்

பேரா? எந்தப் பேர எழுதப் போறீங்க? எனக்கு ரெண்டு பேரு இருக்கு பிரதர். கோயில்ல ஞானஸ்நானத்துல வச்ச பேரு அமலோற்பவம். ரேஷன் கார்டுல எப்சிபான்னு இருக்கும். அது பாஸ்டர் மாத்தினது. அமலோற்பவம்னா மாதா பேருல்லா, அது கூடாதாம். தண்ணிக்குள்ள முக்கி எடுத்த அன்னைக்கே இனிமே நீ எப்சிபான்னு சொல்லிட்டாரு. எனக்கு அது வாயில நுழையவே ஒரு மாசம் ஆச்சு. தெருவுல யாராவது எப்சிபான்னு கூப்பிட்டா நான் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருப்பேன். நீங்க அமலோற்பவம்னே எழுதுங்க.

அந்த ஸ்டூலு வேண்டாம், கால் ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. மோர் தரவா? மே மாச வெயில்ல கோயில் பதிவேட்டுக்குப் பேரு எழுத உங்கள வீடு வீடா அனுப்பிருக்காரே சாமியாரு. செமினரியில இது எத்தனாவது வருஷம்? நாலா. இன்னும் கெடக்கே.

வீட்டுல ரெண்டே பேருதான். நானும் எங்க வீட்டுக்காரரும். மக ஷெரினு மெட்ராஸ்ல இருக்கா, அவள எழுதாண்டாம், அவ பெந்தெகொஸ்தே சபைக்காரி. அவள அப்படி வளத்ததும் நாங்கதான், அவளச் சொல்லிக் குத்தமில்ல. எங்க வீட்டுக்காரரு தட்டிக்கு அந்தப் பக்கம் படுத்துருக்காக. போன ஆடியில பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துட்டு. பேரு சந்தியாகு. பாருங்க, வாயால சொல்லிட்டேன். முன்னெல்லாம் செத்தாலும் சொல்ல மாட்டேன். எழுதிட்டீங்களா?

ஏன் பேனாவ நிறுத்திட்டீங்க? அவுக இன்னும் சபையிலதான இருக்காகன்னு உங்ககிட்ட யாரும் சொன்னாகளா? மெட்டில்டா அக்காவாத்தான் இருக்கும். அவுகளுக்கு அடுத்த வீட்டுக் கதைன்னா சோறு வேண்டாம். இருக்கட்டும். நான் சொல்லுதத முழுசா கேளுங்க, அதுக்குப் பெறகு எழுதுங்க. எழுதுவீங்க.

எங்களுக்கு ஒரு பையன் இருந்தான் பிரதர். டெல்வின்னு பேரு. ரெண்டாங் கிளாஸ் படிக்கும்போது மூளைக்காச்சல் வந்துச்சு. மூணு நாளு. ஏழு வயசு. நம்ம கோயில் கல்லறையிலதான் வச்சோம், மேக்கு மதிலு ஓரமா. அன்னைக்கு சாமியாரு ஊர்ல இல்ல, உபதேசியார்தான் செபம் சொல்லிக் குழிய மந்திரிச்சாரு. மூணாம் நாள் வரைக்கும் கூட்டந்தான், உக்கார எடம் இல்ல. அதுக்குப் பெறகு ஒரு ஈ காக்கா வரல. அவங்கவங்களுக்கு அவங்கவங்க பொழப்பு.

சபைக்காரங்க வந்தாக பிரதர். நாப்பது நாளு, ஒரு நாள் விடாம வந்தாக. பாஸ்டர் ஜெயசிங் இவுக கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. கணக்குக்கு அழுத அழுக இல்ல, மூக்கொழுக அழுதாரு. நம்ம கோயில்லருந்து யாரும் வந்து அப்படி அழல. அத நான் யாரு முன்னாலயும் சொல்லுவேன், பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்டயே சொன்னேன். உன் பாவத்தச் சொல்லும்மான்னாரு.

நாப்பத்தோராவது நாளு எங்க வீட்டுக்காரரு மாதா சொரூபத்தக் கண்ணாடிப் பெட்டியோட தூக்கி உப்பு லாரியில வச்சுக்கிட்டுப் போனாக. லாரி ஓட்டினாகல்லா அப்போ. எங்க கொண்டு போய் எறக்குனாகன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல. எங்க அம்மா சீதனமாக் குடுத்த சொரூபம். பெறகு என் கம்மல், மூக்குத்தி எல்லாம் கழத்தச் சொன்னாக. தாலியையும் கழத்தச் சொன்னாக. கழத்திக் குடுத்தேன். பிள்ளையே போன பெறகு தாலியா பெருசுன்னு அப்போ தோணிச்சு. வெள்ளச் சேலையக் கட்டிக்கிட்டு இருவத்தி நாலு வருஷம் அந்தச் சபைக்குப் போனேன்.

பொய் சொல்லக் கூடாது, ஆவி எறங்கினா ஜெபத்துல பேசுவாகளே அந்நிய பாஷை, அத நானும் பேசினேன். மொதல்ல பொய்யாத்தான் பேசினேன். எல்லாரும் பேசுதாக, நான் மட்டும் மரம் மாதிரி நின்னா இவுக மொறைப்பாக. அஞ்சாறு வருஷத்துக்குப் பெறகு பொய்யா நெசமான்னு எனக்கே தெரியல. பெண்கள் ஐக்கியத்துக்கு என்னையத் தலைவியாப் போட்டாக. நல்லாத்தான் நடத்துனேன்.

ஆனா ஒண்ணு மட்டும் என்னால தாங்க முடியல. கல்லறைத் திருநாளு. நவம்பர் ரெண்டாந் தேதி ஊரே மெழுகுவத்தியும் மாலையும் வாங்கிட்டு நம்ம வாசல் வழியாத்தான் போகும். நானும் போயி என் பிள்ளைக்கு ஒரு வத்தி கொளுத்தி வச்சுட்டு வந்துருதேன்னு மொத வருஷம் இவுககிட்ட கேட்டேன். செத்தவங்களுக்கு ஜெபம் இல்ல, மண்ணுக்கு எதுக்கு வத்தின்னாக. அவன் ஆண்டவர்கிட்ட இருக்கான், அங்க இல்லன்னாக. சரி, அப்படியே இருக்கட்டும், நான் மண்ணுக்கே கொளுத்திட்டு வாரேன்னேன். அந்தத் தேதிக்கு மட்டும் லாரி எடுக்க மாட்டாக பிரதர். எந்த முதலாளி கூப்பிட்டாலும் போக மாட்டாக. காலையிலயே குளிச்சுட்டு, வாசல்ல நாற்காலியப் போட்டு, மேக்குப் பக்கமாப் பாத்து உக்காந்துருவாக. சாப்பிடக் கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டாக. போறவங்க வாரவங்க கையில உள்ள மாலையவே பாத்துக்கிட்டு இருப்பாக. வெளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் உள்ள வருவாக. இருவத்தி நாலு வருஷமும் இதே கததான். நான் போயிருவேன்னு காவலு. எவ்வளவு கல்நெஞ்சு பாத்துக்கோங்க.

இப்போ விழுந்துட்டாக. வாயும் போயிட்டு. ஒரே ஒரு வார்த்ததான் மிஞ்சிருக்கு, ஸ்தோத்திரம். பசிச்சாலும் ஸ்தோத்திரம், ஒண்ணுக்கு வந்தாலும் ஸ்தோத்திரம், கொசு கடிச்சாலும் ஸ்தோத்திரம். ரொம்பப் பழகின வார்த்த ஒண்ணு மட்டும் சில பேருக்கு மூளையில தங்கிப்போயிரும்னு டாக்டரு சொன்னாரு. கெட்ட வார்த்த தங்கிப்போன ஆளுங்கள்லாம் இருக்காங்களாம். அந்த மட்டுக்கு எங்க வீட்டுல மரியாத.

விழுந்த அந்த வருஷமே, அதான் போன நவம்பர்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைய அவுகளுக்குத் தொணைக்கு உக்கார வச்சுட்டு நான் கல்லறைக்குப் போனேன். செவ்வந்தி மால ஒண்ணு, வத்தி ஒரு பாக்கெட்டு. மேக்கு மதிலு ஓரமா போயி நிக்கேன், பிள்ளையக் காணல. அந்த எடத்துல கருப்புப் பளிங்குல ஒரு கல்லறை. வேற யாரோ, ரிட்டையர்டு வாத்தியாராம். போட்டோ கூடப் பதிச்சுருக்காக. நான் எடந்தான் தப்பாப் பாக்கேன்னு இருவது தரம் நடந்தேன் பிரதர். மதிலுலருந்து எட்டு வச்சு எட்டு வச்சு எண்ணுனேன். அதே எடந்தான்.

உபதேசியாரக் கேட்டேன். இப்போ உள்ளவரு, சின்ன வயசு. அவரு சொன்னாரு, எடம் பத்தலம்மா, கட்டாத குழிய இத்தன வருஷத்துக்கு மேல யாரும் வந்து கேக்கலன்னா தோண்டிருவோம்னு. கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம வாசிச்சோமே, நீங்க கேக்கலியான்னாரு. நான் எங்க கேப்பேன், அந்த மூணு ஞாயித்துக்கெழமையும் நான் சபையில கை தட்டிக்கிட்டு நின்னுருப்பேன். எலும்ப என்ன செஞ்சீங்கன்னேன். அந்தக் கெணத்துல போட்டாச்சுன்னாரு. மூலையில சிமெண்டு மூடி போட்டு ஒண்ணு இருக்குல்லா, பாத்துருக்கீங்களா? அதுதான். தோண்டி எடுக்கிற எலும்பு எல்லாம் அதுக்குள்ளதான். ஊர்ல உள்ள அம்புட்டுப் பேரும் ஒண்ணாக் கெடக்காக. வத்திய அந்த மூடி மேல வச்சுக் கொளுத்துனேன். காத்துல நிக்கல, அணைஞ்சு அணைஞ்சு போச்சு. பாக்கெட்டு முழுசும் தீந்துட்டு. மாலைய மட்டும் போட்டுட்டு வந்தேன்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், கோயிலுக்குத் திரும்பிறதுன்னு. சாமியாரு ஒண்ணும் சொல்லல, நல்லாத்தான் சேத்துக்கிட்டாரு. பாவசங்கீர்த்தனம் பண்ணி நற்கருணையும் வாங்குனேன். திரும்புனா எல்லாம் பழையபடி வந்துரும்னு நெனச்சேன். சின்னதுல எங்க வீட்டுல ஏழு மணிக்கு எல்லாரும் முழங்கால் போட்டு, செபமாலைய உருட்டி அம்பத்திமூணு மணி செபம் சொல்லுவோம், எங்க அண்ணன் பாதியில தூங்கி விழுவான், அப்பா மண்டையில ஒரு கொட்டு வைப்பாக. அதெல்லாம் வந்துரும்னு நெனச்சேன். தெருக்காரங்க சேந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்துல ஒரு வியாழக்கெழம என்னையச் செபமால ஆரம்பிக்கச் சொன்னாக. வியாழக்கெழம சந்தோஷ தேவரகசியம்ல்லா, அதச் சொன்னேன். எல்லாரும் ஒருத்தர ஒருத்தரு பாக்காக. வியாழக்கெழமைக்கு இப்போ புதுசா வேற அஞ்சு தேவரகசியம் வந்துட்டாமே. நான் போன பெறகு வந்துருக்கு. அருள்நிறை மந்திரத்தையும் நான் அந்தக் காலத்து மாதிரி பிரியதத்தத்தினாலேன்னு ஆரம்பிச்சேன். சின்னப் பிள்ளைங்க வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது. மெட்டில்டா அக்கா என் கையிலருந்து செபமாலைய வாங்கி, நீ கூடச் சேந்து சொல்லு போதும்னுட்டாக.

ஒண்ணு சொல்லட்டுமா? சாமியாருகிட்ட சொல்லிறாதீங்க. எனக்கு ஒண்ணும் வரல பிரதர். மணிய உருட்டுதேன், வாய் சொல்லுது, உள்ளுக்குள்ள வெறும் தகரமா இருக்கு. சபையிலயாவது கத்தினா கொஞ்சம் ஆறும். இங்க அதுவும் இல்ல. திரும்பி வந்துட்டேன்னு எல்லாரும் சந்தோஷப்படுதாக, நான் இன்னும் வந்து சேரல. இனிமே வருவேன்னும் தோணல.

அதனால எனக்குச் சாமி கும்பிட வரலன்னாலும் பரவால்ல. எனக்கு வேண்டியது ஒண்ணுதான். நாங்க ரெண்டு பேரும் செத்தா அந்த மதிலுக்குள்ள வைக்கணும். கல்லறையெல்லாம் கட்டாண்டாம், பளிங்கும் வேண்டாம், சும்மா மண்ணு போதும். யாரும் வந்து கேக்க மாட்டாக, மக வர மாட்டா. கொஞ்ச வருஷத்துல எங்களையும் தோண்டி அந்தக் கெணத்துல போடுவாகல்லா? போட்டுத்தான ஆகணும், எடம் பத்தாதுல்லா? அங்க மூணு பேரும் சேந்துருவோம். மோட்சம், உத்தரிக்கிற ஸ்தலம், அதெல்லாம் எனக்குத் தெரியல. கெணறு இருக்கு, அத நான் தொட்டுப் பாத்துருக்கேன்.

சபைக்கு பைபாஸ் ஓரத்துல தனி எடம் இருக்கு. முள்ளுக்காடு. அங்க வச்சா வச்சதுதான். அதனாலதான் கேக்கேன், அவுக பேரையும் எழுதுங்க. பதிவேட்டுல பேரு இருந்தாத்தான கல்லறையில எடம் குடுப்பாக.

அவுகளுக்கும் மனசு இருக்கு பிரதர், நீங்க சந்தேகமே படாண்டாம். தெனமும் சாயங்காலம் அவுக கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்துதான் செபமால சொல்லுதேன். நான் சொல்லச் சொல்ல அவுக கண்ணுலருந்து தண்ணி தாரதாரயா ஊத்துது. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம்னு சத்தமாச் சொல்லுவாக. தலைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவாக. செபமாலையோட அஞ்சு பத்து மணியும் உருட்டி முடியிற வரைக்கும் விடாமச் சொல்லுவாக. எவ்வளவு பக்தி பாருங்க. நல்லா இருக்கும்போது ஒரு மாதா படத்தப் பாத்தா எச்சி துப்புற ஆளு.

உத்திரியமும் போட்டு விட்டுருக்கேன். மாதா படம் தச்ச துணி ரெண்டு, கயித்துல கோத்துருப்பாகல்லா, அதுதான். மொத நாளு போடும்போது இடது கையால என் கையப் புடிச்சு நவுட்டுனாக. நல்ல பலம் அந்தக் கையில. அதுக்குப் பெறகு தலையணைக்கு அடியில கைய வச்சுப் புடிச்சுக்கிட்டுத்தான் போட்டு விட்டேன். சின்னப் பிள்ளைக்கு மருந்து குடுக்கையில புடிக்கிறதில்லியா.

பாஸ்டர் வாரந்தவறாம வாராரு. அவருக்கும் வயசாகிப் போச்சு, மூட்டு வலி. நான் வாசக் கேட்டத் தொறக்கிறதில்ல. தூங்குதாகன்னு சொல்லிருவேன். அவரு ரோட்டுல நின்னே பாடி, ஜெபம் பண்ணிட்டுப் போவாரு, கூட நாலு விசுவாசிங்க. இவுக உள்ள கெடந்து கட்டிலு கம்பிய இடது கையால அடிப்பாக, டங்கு டங்குன்னு. சத்தம் தொந்தரவா இருக்கு போல. நான் டிவியில மாதா டிவியக் கொஞ்சம் கூட்டி வச்சுருவேன்.

ஷெரினு போன் போட்டு, அம்மா நீ அப்பாவச் சித்திரவத பண்ணுதன்னு அழுதா. பக்கத்து வீட்டுப் பிள்ள சொல்லிருக்கு. நான் கேட்டேன், இருவத்தி நாலு வருஷம் என்னைய வெளிய விடாம வச்சிருந்தாகளே, அப்போ நீ எங்க போயிருந்தன்னு. அவளுக்கு என்ன தெரியும், அப்போ கைப்பிள்ள. ஆனாலும் கேட்டுட்டேன். அதுலருந்து போன் வரல.

எனக்கு அவுக மேல பாசம் இல்லாம இல்ல பிரதர். பீ மூத்திரம் நான்தான் அள்ளுதேன், ஒரு நாள் மொகம் சுளிச்சதில்ல. முதுகுல ஒரு புண்ணு கெடையாது, வேணும்னா பாருங்க. அவுக இல்லாம எனக்கு யாரு இருக்கா? செத்த பெறகும் கூட்டிட்டுப் போகணும்னுதான் இந்தப் பாடு படுதேன். அவுக என்னைய இழுத்துட்டுப் போனாக, நான் போனேன்ல? ஒரு தரம் நான் இழுத்தா வரக்கூடாதா?

என்னது? அவுக வாயால சொல்லணுமா? அவுகளுக்கு வாய் எங்க இருக்கு? சரி, தலையாட்டினாப் போதுமா? வாங்க, இப்பவே கேட்டுருவோம். செருப்போடயே வாங்க, பரவால்ல.

இந்தா பாருங்க, கோயில்லருந்து பிரதர் வந்துருக்காக. சாமிக்குப் படிக்கிற பிள்ள. உங்க பேர நம்ம கோயில்ல எழுதிக்கிடவான்னு கேக்காக. எழுதிக்கிடட்டா? நம்ம டெல்வின் கெடக்கிற எடத்துல, அவன்கூட. கேக்குதா? சரின்னா தலைய ஆட்டுங்க.

பாத்தீங்களா, டெல்வின்னு சொன்னதும் கண்ணத் தொறந்துட்டாக. இந்தப் பேர நானும் இந்தக் கட்டிலுகிட்ட ரொம்ப நாளாச் சொல்லல. ஆட்டுவாக, பொறுங்க. கையத் தூக்குதாக. ஆசீர்வாதம் கேக்காக போல, கிட்ட போங்க பிரதர்.

இல்ல. அந்தக் கயித்தத்தான் புடிக்காக. வேர்வைக்கு அரிச்சுருக்கும், வெயிலு அப்படி. இருங்க, நான் எடுத்து விடுதேன். வேண்டாமா? நீங்களே எடுக்கீங்களா? தல தூக்க முடியாதே. காதுல மாட்டுது பாருங்க. மெதுவா. மெதுவா.

எடுத்துட்டாக. உங்க கையிலயே குடுத்துட்டாக.

ஸ்தோத்திரம்னு கூடச் சொல்லலியே.

வாங்க பிரதர், வெளிய வந்து உக்காருங்க. அதக் குடுங்க, நான் வச்சுக்கிடுதேன். நோட்ட மூடாதீங்க. மோரக் குடிக்காமலே வச்சுருக்கீங்க. அவுகளுக்குத் தெளிவா இருக்குன்னு நீங்க சொல்ல வேண்டாம், எனக்கும் கண்ணு இருக்கு. இத்தன நாளும் இருந்துச்சு. அவுக அழுதது எதுக்குன்னு எனக்குத் தெரியாமலா மணிய உருட்டினேன்? தெரிஞ்சுக்கிட வேண்டாம்னு இருந்தேன்.

சரி, என் பேர மட்டும் எழுதுங்க. வயசு அம்பத்தொம்பது. அவுக அந்த முள்ளுக்காட்டுலயே கெடக்கட்டும், அவுகளுக்கு அங்கதான ஆசை. என்னைய அவன்கிட்ட விட்டுருங்க.

அடுத்த கட்டத்துல என்ன போட்டுருக்கு? கணவர் பேரும் திருச்சபையுமா? அதுல அவுக பேர எழுதி சபைன்னு போட்டீங்கன்னா, நாளைக்கு என் தல சாஞ்சதும் மக வந்து நிப்பா. புருஷன் எங்கயோ பொண்டாட்டியும் அங்கதான்னு பைபாஸுக்குத் தூக்கிட்டுப் போயிருவா. உங்க சாமியாரும் குடும்பத்துல சண்ட வேண்டாம்னு ஒதுங்கிக்கிடுவாரு. ரெண்டு பேரும் அங்க பக்கத்துல பக்கத்துல கெடப்போம், பிள்ள இங்க ஊராரு எலும்போட கெடப்பான்.

அதனால அந்தக் கட்டத்துல விதவைன்னு போட்டுருங்க.

என்னையப் பாக்காதீங்க, எழுதுங்க. பொய்யின்னா அந்தப் பாவம் என்னையச் சேரட்டும், நான் சாமியாருகிட்ட சொல்லிக்கிடுதேன். எழுதுதத மட்டும் வாய்விட்டுப் படிச்சுறாதீங்க பிரதர். நடுவுல வெறும் தட்டிதான் இருக்கு, அவுக கேட்டுக்கிட்டுத்தான் கெடக்காக.